இறுதி நாளுக்கு ஒரு நாட்காட்டி: கிறித்தவ ஊழிப் புதினங்களும் அவற்றின் தாக்கமும்

திருவண்ணாமலையின் தலபுராண மரபு அம்மலைக்கு நான்கு உருவங்களைச் சொல்கிறது. கிருத யுகத்தில் அது நெருப்பு மலை. திரேதா யுகத்தில் மாணிக்க மலை. துவாபர யுகத்தில் பொன்மலை. நாம் வாழும் கலியுகத்திலோ வெறும் கல்மலை. யுகந்தோறும் உலகம் ஒளி குன்றி வருகிறது என்பதே இதன் உட்பொருள். ஆயினும் இந்தக் கணக்கில் பதற்றம் எதுவும் இல்லை. கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டுகள் என்றும், அது கி.மு. 3102 இல் தொடங்கியது என்றும் மரபுக் கணக்கர் கூறுவர். அவ்வாறாயின் ஊழிக்கு இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. மூட்டை கட்ட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

அதே ஊரில் கியாமத் நாளையும் அதன் அடையாளங்களையும் ஜும்ஆப் பேருரையில் கேட்டு வளர்ந்த முஸ்லிம்கள் வாழ்கின்றனர். தென்னார்க்காட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்கொண்ட டென்மார்க் லுத்தரன் மிஷனின் வழிவந்த திருச்சபையும் பள்ளியும் உள்ளன. ஒரே மலையின் நிழலில் மூன்று சமயத்தார் மூன்று விதமான இறுதிகளை நம்பி, ஒருவர் கடையில் ஒருவர் பொருள் வாங்கி, நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். ஆனால், கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட ஊழிச் சித்திரம் இம்மூன்றினின்றும் பிறந்ததன்று. அது அமெரிக்கப் புத்தகச் சந்தையில் புதின வடிவில் பிறந்தது. அதன் கவர்ச்சியையும் அது விளைத்த விளைவுகளையும் ஆராய்வது நமக்குப் புறம்பான வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அக்கதையில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் எது என்பதையும், நம்மவர் எழுதிய இறுதிநாள் நூல்கள் அக்கதையிடம் எவ்வளவு கடன்பட்டுள்ளன என்பதையும் அறிந்தால் அவ்வாறு எண்ண இயலாது.

முதலில் கதையைப் பார்ப்போம். டிம் லஹே என்னும் போதகரும் ஜெர்ரி ஜென்கின்ஸ் என்னும் எழுத்தாளரும் இணைந்து எழுதிய 'லெஃப்ட் பிஹைண்ட்' என்னும் புதினம் 1995 இல் வெளிவந்தது. 'விட்டுச் செல்லப்பட்டோர்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இலண்டனை நோக்கி இரவில் பறக்கும் விமானம் ஒன்றில் பயணிகள் பலர் திடீரென்று மறைந்து போகின்றனர். அவர்கள் உடுத்திய உடைகள் மட்டும் இருக்கைகளில் கிடக்கின்றன. உலகெங்கும் குழந்தைகள் அனைவரும், மெய்யான விசுவாசிகள் அனைவரும் இவ்வாறே மறைகின்றனர். எஞ்சியோர் ஏழாண்டு உபத்திரவ காலத்துக்குள் நுழைகின்றனர். ருமேனியாவைச் சேர்ந்த நிக்கோலே கார்பாத்தியா என்பவன் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளனாகிறான், சமாதானம் பேசுகிறான், இஸ்ரவேலுடன் ஏழாண்டு உடன்படிக்கை செய்கிறான், உலகத்துக்கு ஒரே அரசும் ஒரே மதமும் அமைக்கிறான். அவனே அந்திக்கிறிஸ்து. 2007 வரை பதினாறு புதினங்களாக நீண்ட இவ்வரிசை ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் ஒரு பகுதி 2001 இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற புதினமாயிற்று. அது எந்த ஆண்டு என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இக்கவர்ச்சியின் ஊற்று எது? அச்சம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது பாதி உண்மையே. அச்சத்தை விடப் பெரியது அறிவின் இன்பம். புதினத்தின் பாத்திரங்களுக்குத் தெரியாதது வாசகனுக்குத் தெரியும். கார்பாத்தியா மேடையில் சமாதானம் பேசும்போது உலகமே கைதட்டுகிறது; மூலையில் அமர்ந்து படிக்கும் எளிய மனிதன் ஒருவன் மட்டும் அவன் யார் என்பதை அறிந்திருக்கிறான். பேராசிரியர்களுக்கும் அமைச்சர்களுக்கும் எட்டாத திறவுகோல் அவன் கையில் இருக்கிறது. மறுநாள் நாளிதழைப் பிரித்தால் அங்கும் அதே கதையின் அடுத்த அத்தியாயம் தெரிகிறது. வேலை இழப்பு, விலைவாசி, போர், புதிய கணினி என எதுவும் பொருளற்றதாக இல்லை. எல்லாம் முன்பே எழுதப்பட்ட ஓர் அட்டவணையில் தத்தம் கட்டத்தில் வந்து அமர்கின்றன. தன் வாழ்வு எங்குமே கணக்கில் வராது என்று உணரும் மனிதனுக்கு இதைவிட ஆறுதல் தரும் கதை வேறு இல்லை. இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. ஆறுதல் தேடுவோர் எல்லாச் சமயங்களிலும் உள்ளனர்.

ஆனால், இந்த ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. எருசலேமில் யூத ஆலயம் மீண்டும் எழுந்தாக வேண்டும் என்பது இக்கதையின் கட்டாயம். அவ்விடத்திலோ உமையாக் கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 72 இல் (கி.பி. 691–692) எழுப்பிய குப்பத்துஸ் ஸக்ரா நிற்கிறது. புதின ஆசிரியர்கள் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர்? கார்பாத்தியா பேச்சு நடத்துகிறான், முஸ்லிம்கள் இசைகின்றனர், குப்பத்துஸ் ஸக்ரா பெயர்த்தெடுக்கப்பட்டு ஈராக்கில் அவன் எழுப்பும் புதிய பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. பதின்மூன்று நூற்றாண்டுத் தொழுகை மரபு சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. முஸ்லிம்கள் இக்கதையில் பகைவராகக் கூட இல்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். பகைவன் என்றால் அவனுக்கு ஒரு முகமும் பேச்சும் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கு அவர்கள் அரங்கத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள். தள்ளி வைத்தால் போதும். யூதர்களுக்குக் கிடைக்கும் இடமும் பெருமைக்குரியதன்று. அவர்கள் நேசிக்கப்படுவது இறுதியில் மதம் மாறுவதற்காக.

இக்கதையின் இறையியல் மிகப் பழையது என்று அதன் வாசகர்கள் கருதுகின்றனர். உண்மை வேறு. விசுவாசிகள் உபத்திரவத்துக்கு முன்பே இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவர் என்னும் கொள்கைக்கு உருவம் கொடுத்தவர் அயர்லாந்தைச் சார்ந்த ஜான் நெல்சன் டார்பி (1800–1882). 1830 ஆம் ஆண்டையொட்டி அது தோன்றியது. 1909 இல் ஸ்கோஃபீல்டு என்பவர் விவிலியத்தின் அடிக்குறிப்புகளில் அதைப் புகுத்தினார். அதன் பிறகு அடிக்குறிப்பு எது, வேதம் எது என்று பிரித்தறியாத தலைமுறைகள் உருவாயின. டார்பி செய்த மாற்றம் கதைசொல்லிகளுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. அவருக்கு முன் கணக்கிட்டோர் நாள் குறித்தனர். நாள் வந்தது, போயிற்று, அவமானம் எஞ்சியது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 அன்று இரவெல்லாம் காத்திருந்து விடிந்தபின் அழுதனர். டார்பியின் கொள்கையில் நாள் இல்லை. இந்த நொடியில் நிகழலாம், அடுத்த நொடியில் நிகழலாம். நாள் குறித்தவனுக்கு ஒரே ஒரு கதைதான் உண்டு. நொடிதோறும் காத்திருப்பவனுக்கோ கதை முடிவதே இல்லை.

டார்பியின் தொடக்ககாலத் தோழர்களுள் ஒருவரான ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் தமிழகத்துக்கு வந்த வழி நம் வாசகர்களுக்குச் சுவையளிக்கும். அவர் முதலில் சென்றது பாக்தாத். 1831 இல் அந்நகரைக் கொள்ளைநோயும் வெள்ளமும் முற்றுகையும் ஒருசேரத் தாக்கின. குரோவ்ஸின் மனைவி அந்நோயில் இறந்தார். இயேசுவின் வருகை அண்மையில் உள்ளது என்று நம்பிய அவருக்கு அந்நகரத்தின் தெருக்களே ஊழியின் முன்னோட்டமாகத் தோன்றியிருக்கும். 1833 இல் அவர் இந்தியா வந்தார். அவரைப் பாக்தாதில் சந்தித்து இங்கு வரத் தூண்டியவர், பின்னாளில் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைகட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் ஆர்தர் காட்டன். உலகம் விரைவில் முடியும் என்று எண்ணியவர்களோடு பழகிய ஒருவர் நூற்றாண்டுகள் நிற்கும் அணைகளைக் கட்டினார் என்பது மனித இயல்பின் விந்தை. குரோவ்ஸ் பின்னர்ச் சித்தூரில் தங்கினார். நெஞ்சம் விரிந்த மனிதர். டார்பி தம் கூட்டத்தை மேலும் மேலும் சுருக்கி வருவதைக் கண்டித்து 1836 இலேயே அவருக்குக் கடிதம் எழுதியவர்.

குரோவ்ஸிடம் பயின்ற தமிழர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). திருநெல்வேலிச் சீமையில் 1840 இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவிய அவரைச் சுற்றி 1860 இல் ஒரு சமய எழுச்சி மூண்டது. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், அழுகை, நடுக்கம் ஆகியவை அதில் காணப்பட்டன. அமெரிக்கப் பெந்தெகொஸ்து இயக்கத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது இது. இவ்வலை பின்னர்த் திருவிதாங்கூரை எட்டியது. அங்கு ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் எழுந்தார். திருவிதாங்கூரில் குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861 இல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் குருவாக விளங்கியவர். வித்துவான் குட்டி என்று புகழ்பெற்ற பாடலாசிரியர். 1875 இல் அவரும் அவரைச் சார்ந்தோரும் இயேசு 1881 இல் வருவார் என்று அறிவித்தனர். இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளைக் கொண்டு மக்கள் அவர்களை 'அஞ்சரை வேதக்காரர்' என்று அழைத்தனர். ஊரார் வைக்கும் பெயர்களில் பெரும்பாலும் நீதியும் சிறிது கொடுமையும் கலந்தே இருக்கும்.

1881 வந்தது, குறித்த நாளும் கடந்தது. எஞ்சியோர், வருகை ஆவிக்குரிய முறையில் நிகழ்ந்துவிட்டது என்று விளக்கம் சொல்லி, 'யுயோமயம்' என்னும் தனிச் சமயமாக ஒதுங்கினர். ஜஸ்டஸ் ஜோசப் 1887 இல் மறைந்தார். அவருடைய கணக்கு மறைந்தது. பாடல்களோ கேரளக் கிறித்தவரிடையே இன்றும் வாழ்கின்றன. இத்திருவிதாங்கூரிலேயே, அவருக்கு ஒரு தலைமுறை முன், 1841 இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை கலியின் அழிவையும் தரும யுகத்தின் வரவையும் பாடியது. அரசின் வரிக்கும் சாதியின் மிதிக்கும் ஆளான மக்களிடையே அந்நூல் வேர்கொண்டது. கிறித்தவ ஊழிக் கொள்கை விழுந்த மண் வறண்ட மண்ணன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

திருவண்ணாமலைப் பக்கத்தில் நிலைமை வேறு. அங்குத் தோன்றிய லுத்தரன் மரபுக்கு 1530 ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையே அடிப்படை. அதன் பதினேழாம் பகுதி, உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்தர்கள் மட்டும் உலக ஆட்சியைக் கைப்பற்றுவர் என்னும் போதனையை வெளிப்படையாக மறுக்கிறது. ஆகவே 'இரகசிய வருகை' என்று தமிழ்ப் பெந்தெகொஸ்தினர் வழங்கும் கொள்கை, ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் அறிக்கைக்கு உரியதன்று. அது பிற வழிகளில் தமிழகம் எங்கும் பரவியது: 1920களில் இலங்கையில் தோன்றித் தமிழகத்தில் கிளைத்த சிலோன் பெந்தெகொஸ்து மிஷனின் வழி, எழுப்புதல் கூட்டங்களின் வழி, துண்டு வெளியீடுகளின் வழி, பின்னர்த் தொலைக்காட்சியின் வழி. அந்திக்கிறிஸ்து, மிருகத்தின் முத்திரை, 666 ஆகிய சொற்கள் இன்று எச்சபையைச் சார்ந்தோர்க்கும் தெரிந்தவை. ஒரு சமயத்தாரின் மனச்சித்திரத்தை அவர்களுடைய விசுவாச அறிக்கையைப் படித்து மட்டும் அறிந்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும். அதற்குப் பின்னர் வருவோம்.

திருவண்ணாமலைக்கு இக்கதை உலகத்தில் இன்னொரு இடமும் உண்டு. 1896 இல் இவ்வூருக்கு வந்து 1950 இல் மறையும் வரை இங்கேயே இருந்த இரமணரைக் காண மேலை நாட்டார் பலர் வந்தனர். 1938 இல் வந்த சாமர்செட் மாம், 1944 இல் எழுதிய 'தி ரேசர்ஸ் எட்ஜ்' புதினத்தில் இரமணரை ஒத்த ஒரு ஞானியைப் படைத்தார். போரில் மனம் சிதைந்த அமெரிக்க இளைஞன் ஒருவன் அந்த ஞானியிடம் அமைதி பெறுகிறான். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1986 இல், ஃபிராங்க் பெரட்டி என்னும் அமெரிக்கர் 'திஸ் பிரசென்ட் டார்க்னஸ்' என்னும் புதினத்தை எழுதினார். லஹே–ஜென்கின்ஸுக்கு முன் அதே வாசகர்களைக் கட்டிப்போட்ட நூல் அது. அதில் சிறுநகர் ஒன்றைப் பேய்க்கணங்கள் கைப்பற்ற முனைகின்றன. அவற்றின் வாயில், கல்லூரியில் கற்பிக்கப்படும் கீழைத் தியான முறை. ஒரே நாட்டின் வாசகர்களுக்கு, அரை நூற்றாண்டுக்குள், இம்மாதிரி ஊர் ஒரு புதினத்தில் மருந்தாகவும் மற்றொன்றில் நஞ்சாகவும் காட்டப்பட்டுவிட்டது. 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசையில் சமயங்களை இணைக்கும் முயற்சியே அந்திக்கிறிஸ்துவின் கைவேலை. பல சமயத்தார் கூடிப் பேசும் எந்த மன்றமும் அவ்வாசகனின் கண்ணுக்கு ஐயத்துக்குரியதாகிறது.

மெய்யான கிறித்தவர் ஒருவர் இம்மலையை எவ்வாறு அணுகினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபிரெஞ்சு பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ 1949 இல் இரமணரைக் கண்டார். 1950களில் அருணாசல மலைக் குகைகளில் பல முறை தங்கினார். குளித்தலை அருகே சாந்திவனம் என்னும் ஆசிரமத்தை மோன்சானினுடன் நிறுவினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் கொண்டும் 1973 இல் இறக்கும் வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். அவருடைய இறையியலோடு நமக்கு உடன்பாடு இல்லை. அவருடைய சபையாரிலேயே பலருக்கு இல்லை. ஆனால், அண்டை வீட்டாரின் வழிபாட்டைக் கண்டு அவர் பேயைத் தேடவில்லை. புதினம் இத்தகைய மனிதருக்கு இடம் அளிப்பதில்லை. அட்டவணையில் அவருக்கு உரிய கட்டம் இல்லை.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இறுதி நேரத்தைப் பற்றிய அறிவு இறைவனிடம் மட்டுமே உள்ளது என்பதைத் திருக்குர்ஆன் பல இடங்களில் உறுதிபடக் கூறுகிறது. ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து கேட்டபோது, அதைக் குறித்துக் கேட்பவரைவிடக் கேட்கப்படுபவர் மிகுதியாக அறிந்தவர் அல்லர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடை அளித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அடையாளங்கள் சொல்லப்பட்டன, தேதி மறைக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் முஸ்லிம் சமுதாயம் வாழ வேண்டியிருந்தது. அவ்வெளியில் நிற்பது எளிதன்று என்பதற்கு வரலாறே சான்று. ஹிஜ்ரி ஆயிரம் நெருங்கியபோது அத்தோடு உலகம் முடியும் என்ற பேச்சு எழுந்தது. எகிப்தின் பேரறிஞர் இமாம் சுயூத்தி (ரஹ்) அதை மறுத்து ஒரு நூலே எழுதினார். ஆனால் மறுத்த கையோடு, இச்சமுதாயம் 1500 ஐத் தாண்டாது என்று தாமும் ஒரு கணக்குப் போட்டார். ஹிஜ்ரி 1500 கி.பி. 2076 இல் தொடங்கும். அப்போது அந்நூல் எத்தனை பதிப்பு காணுமோ!

இப்னு கல்தூன் (ரஹ்) இவ்வகையில் தனித்து நிற்கிறார். மஹ்தி குறித்த அறிவிப்புகளை முகத்திமாவில் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பெரும்பாலானவற்றின் வலுவின்மையைக் காட்டினார். மொராக்கோவின் தொலைகோடியில் உள்ள மாஸா என்னும் இடத்தில் மஹ்தி தோன்றுவார் என்று எளிய மக்கள் நம்பியதற்கு அவர் காட்டும் காரணம் கூர்மையானது: அது அரசின் கைக்கு எட்டாத இடம். யாரும் சென்று சரிபார்க்க இயலாத இடத்தில்தான் நம்பிக்கை நன்கு வளரும் என்பதை அவர் பதினான்காம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்.

தமிழ் முஸ்லிம்களின் பழைய நூலான ஆயிரம் மசாலா கி.பி. 1572 இல், அதாவது ஹிஜ்ரி ஆயிரத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன், வண்ணப் பரிமளப் புலவரால் பாடப்பட்டது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) கேட்ட வினாக்களும் நபி (ஸல்) அவர்கள் அளித்த விடைகளுமாக அமைந்த அக்கதை மரபு, அரபியிலிருந்து பாரசீகம், மலாய், ஜாவா மொழிகள் வரை பரவியது. படைப்பு, நரகம், சுவனம், தீர்ப்பு நாள் ஆகியன அதில் உண்டு. கேட்பவன் நடுங்கவும் வேண்டும், அதே நேரத்தில் வியக்கவும் வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம். நரகத்தின் வாயிலைக் காட்டி அது கேட்பவனையே எச்சரிக்கிறது. அண்டை வீட்டானை அல்ல. பழைய ஊழி இலக்கியத்துக்கும் புதிய ஊழிப் புதினத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் காண்கிறோம்.

புதியது நம்மிடையேயும் நுழைந்தது. ஹால் லிண்ட்ஸே என்னும் அமெரிக்கர் 1970 இல் 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்' என்னும் நூலை எழுதினார். 1948 இல் இஸ்ரேல் தோன்றியதிலிருந்து ஒரு தலைமுறை, அதாவது நாற்பது ஆண்டுகள் என்னும் அவருடைய கணக்கு 1988 ஐச் சுட்டியது. 1988 போயிற்று, அவரும் 2024 இல் காலமானார். அவர் கணக்குக்குரிய ஆண்டு நெருங்கிய 1987 இல் எகிப்தியப் பத்திரிகையாளர் ஸயீத் அய்யூப், 'அல் மஸீஹுத் தஜ்ஜால்' என்னும் நூலைக் கெய்ரோவில் வெளியிட்டார். தஜ்ஜால் குறித்த ஹதீஸ்களின் நடுவே தானியேல் ஆகமமும் யோவானின் வெளிப்படுத்தலும் அமெரிக்கப் போதகர்களின் விளக்கங்களும் அதில் புகுந்தன. அவர்களுடைய நாடகத்தில் நன்மைக்குரியோரும் தீமைக்குரியோரும் இடம் மாறினர், அவ்வளவே. இவ்வழியைப் பலர் பின்பற்றினர். தஜ்ஜால் பெர்முடா முக்கோணத்திலிருந்து படையெடுக்கிறான் என்று முஹம்மது ஈஸா தாவூத் எழுதினார். சஊதி அறிஞர் ஸஃபர் அல் ஹவாலி தானியேலின் எண்களைக் கொண்டு 2012 ஐயும், பாலஸ்தீன அறிஞர் பஸ்ஸாம் ஜர்ரார் திருக்குர்ஆனின் எழுத்துகளை எண்ணி 2022 ஐயும் இஸ்ரேலின் முடிவாகச் சுட்டினர். இரண்டும் கடந்துவிட்டன. காஸாவின் பெருந்துயர் 2023 இல் தொடங்கியது. அதைத் தாங்கியவர்களுக்கு எந்தக் கணக்கும் உதவவில்லை.

மேலை நாட்டின் எதையும் ஏற்கோம் என்று முழங்கிய நூல்கள், தங்கள் கதையமைப்பையே அந்நாட்டின் தெருமுனைப் போதகர்களிடம் கடன் வாங்கியது வேடிக்கையன்று, வருந்தத்தக்கது. ஹதீஸ் கலையின் பெருமையே அறிவிப்பாளர் தொடரைச் சோதித்து ஏற்பதுதான். இந்நூல்களில் தொடர் இல்லை. விறுவிறுப்பு மட்டுமே உள்ளது. பிறகு காணொளிகள் வந்தன. மூலம் எது என்று கேட்கும் வழக்கமும் போயிற்று.

அடையாளங்களைத் தேடும் கண் காரணங்களைக் காண மறந்துவிடுகிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் புதையுண்டு இறந்தனர். அவர்களுள் ஐவர் சிறார். பேரிடர் ஒன்று நேர்ந்தவுடன் கலி முற்றிவிட்டது என்றும் கடைசிக் காலம் வந்துவிட்டது என்றும் பேசுவது நம் ஊர்களில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழக்கம். 2004 ஆழிப்பேரலையின் போதும் அதையே கேட்டோம். அப்பேச்சு துயருற்றவரின் வாயில் வந்தால் அதற்கு மதிப்புண்டு. ஏனையோர் வாயில் வரும்போது, மலைச்சரிவில் ஏழைகள் ஏன் குடியேற வேண்டியிருந்தது, மழைநீர் எவ்வழி வடிந்தது, எச்சரிக்கை ஏன் எட்டவில்லை என்னும் கேள்விகள் அதனடியில் புதைந்துவிடுகின்றன. ஊழியின் மேல் பழி போட்டுவிட்டால் எந்த அலுவலகமும் விடை சொல்ல வேண்டியதில்லை.

தேடிய அடையாளம் தானாக வராதபோது அதைக் கையால் வரவழைக்க முனைவோரும் உண்டு. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20 அன்று, ஜுஹைமான் அல் உதைபியின் கூட்டத்தார் மக்காவின் புனிதப் பள்ளியை ஆயுதங்களுடன் கைப்பற்றித் தம்முள் ஒருவரை மஹ்தி என்று அறிவித்தனர். இரு வாரங்கள் ஹரமில் இரத்தம் சிந்தியது. அவர்கள் அறிவித்த 'மஹ்தி'யும் கொல்லப்பட்டார். ஹதீஸில் வரும் தாபிக் என்னும் சிரிய ஊரின் பெயரை ஐ.எஸ். அமைப்பு தன் இதழுக்கு 2014 இல் சூட்டி, அங்கு இறுதிப் போரை எதிர்பார்ப்பதாகப் பறைசாற்றியது. 2016 அக்டோபரில் அவ்வூர் சிறு சண்டைக்குப் பின் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. இதழின் பெயரை முன்கூட்டியே மாற்றிவிட்டனர்.

இவற்றுக்குப் பத்தாண்டுகள் முன்பே மறுபக்கத்திலும் ஒரு கை நீண்டது. ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கப் போதகரின் 'தி பிளெயின் ட்ரூத்' இதழ், இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு இலவசமாக அஞ்சலில் வந்தது. இறுதிக்கால விளக்கங்களே அதன் உயிர்நாடி. அதன் வாசகர்களுள் ஒருவன் டெனிஸ் மைக்கேல் ரோஹன் என்னும் ஆஸ்திரேலியன், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளி, வயது இருபத்தெட்டு. பள்ளிவாசல் அகன்றால் ஆலயம் எழும், ஆலயம் எழுந்தால் கிறிஸ்து வருவார் என்று நம்பி, 1969 ஆகஸ்ட் 21 அன்று மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குள் தீ வைத்தான். நீதிமன்றம் அவனை மனநோயாளி என்று தீர்ப்பளித்தது. அவன் தங்கள் சபையின் உறுப்பினன் அல்லன் என்று ஆம்ஸ்ட்ராங்கின் சபையும் அறிவித்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அட்டவணையை அவன் தானே எழுதவில்லை, படித்தான்.

அத்தீயில் எரிந்தவற்றுள் ஒன்று, எருசலேம் மீட்கப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே அந்நம்பிக்கையில் அலெப்போவில் நூருத்தீன் ஸங்கி செய்வித்து, 1187 க்குப் பின் ஸலாஹுத்தீன் கொண்டுவந்து நிறுவிய மிம்பர். அதன் பழைய நிழற்படங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு, பல நாட்டுக் கைவினைஞர்கள் ஜோர்தானில் பல்லாண்டுகள் உழைத்து, ஆணி இல்லாமல் ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைப் பிணைத்து மீண்டும் ஒரு மிம்பரைச் செய்தனர். அது 2007 இல் அக்ஸாவில் நிறுவப்பட்டது. 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசையின் பதினாறாவதும் கடைசியுமான புதினம் வெளிவந்ததும் அவ்வாண்டில்தான்.